சாமிக்கு அடித்த ஹோன்

கல்லுமலைத் தோட்டத்துக்கு உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே ரோடுதான். கொட்டகலை மெயின் ரோட்டில் பிரிந்து, தேயிலைக்கு நடுவே வளைந்து ஏறி, ரயில்ரோட்டைக் குறுக்கே தாண்டித்தான் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களுக்கு வந்து சேர வேண்டும். அந்தக் கடவைக்குக் கேட் கிடையாது, மணி கிடையாது, சிவப்பு விளக்கும் கிடையாது. மஞ்சள் பலகை ஒன்று உண்டு. அதிலிருந்த எழுத்தை மழையும் பாசியும் சேர்ந்து தின்று பல காலமாகிறது. அதற்காக யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதும் இல்லை. அங்கேதான் முனியாண்டி இருக்கிறாரே.

லயத்துப் பக்கமிருந்து இறங்கினால், கடவைக்குக் கொஞ்சம் முன்னால், இடது கைப்பக்கம் ஒரு சவுக்கு மரம். அதன் அடியில் ஒரு கல், மூன்று சூலம், ஒரு சிவப்புத் துணி. அவ்வளவுதான் அவருடைய கோயில். எந்த வாகனமானாலும் அங்கே வேகத்தைக் குறைத்து, நீளமாக ஒரு ஹோன் அடித்து, டிரைவர் ஒரு கையால் நெஞ்சைத் தொட்டுக்கொண்டுதான் ரயில்ரோட்டில் இறங்குவார். உள்ளே இருக்கிறவர்கள் கண்ணை மூடிக் கும்பிடுவார்கள். ஹோன் ஓயும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. திரும்பி வரும்போதும் அப்படித்தான். சூலம் கண்ணில் பட்டதுமே, ரயில்ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே அடிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆட்டோ ஓட்டுகிற வேதக்கார ஜூட்கூட ஒரு தடவை சின்னதாக அமுக்கிவிட்டுத்தான் போவான். எதற்கு வம்பு என்பது அவன் கட்சி.

அந்த ஹோன் சத்தம் மேலே லயம்வரை கேட்கும். வேலைக்கு ஆள் அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கிறவர்கள் அதைக் கேட்டதும், "வேன் ரயில்ரோட்டத் தாண்டிருச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவார்கள். உண்மையில் அது தாண்டிய சத்தம் அல்ல, தாண்டப் போகிற சத்தம். இந்த வித்தியாசத்தை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. நினைத்துப் பார்க்கிற மாதிரி எதுவும் நடந்ததும் இல்லை, போன ஆனி மாதம்வரை.

கணேசமூர்த்தி நல்ல டிரைவர் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கொட்டகலை பஜாரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குடி கிடையாது. ஓட்டும்போது போனைத் தொட மாட்டான். வெற்றிலை போடுவதற்குக்கூட ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் போடுவான். விடியும்போதே தன் வேனில் பெண்களை ஏற்றிக்கொண்டு நானுஓயாப் பக்கம் மரக்கறித் தோட்டங்களுக்குப் போவான். தோட்டத்தில் கொழுந்து குறைந்த பிறகு, லீக்ஸ் பிடுங்கவும் கரட் கழுவவும் கைக்காசுக்குப் போகிற பெண்கள் கூடிவிட்டார்கள். அவன் மனைவி பூரணியும் அதில் ஒருத்தி. பக்கத்துக் காம்பராவில் இருக்கிற மீனம்மா இன்னொருத்தி. மீனம்மாவுக்குப் புருசன் இல்லை. ஒரே மகள் சுலக்ஷனா கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்கிறாள்.

அன்று காலை மழைத் தூறலும் பனிமூட்டமுமாக இருந்தது. கணேசமூர்த்தி வழக்கம்போல முனியாண்டியிடம் வேகத்தைக் குறைத்தான். வழக்கம்போல ஹோனை அமுக்கினான். வழக்கம்போல எல்லாரும் கண்ணை மூடினார்கள். எங்கோ மேலே மலையில் நின்றுபோன ரயிலை இழுத்து வர, பெட்டி ஒன்றும் இல்லாத வெறும் இன்ஜின் ஒன்று அந்த நேரத்தில் வந்துகொண்டிருந்தது. எந்த நேர அட்டவணையிலும் இல்லாத இன்ஜின். வேனின் முன்பக்கம் தண்டவாளத்தைத் தாண்டிவிட்டது. பின்பக்க மூலையில்தான் அடி. வேன் சுழன்று போய் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தது. யாரும் சாகவில்லை. வேனில் இருந்த நிஷாந்திக்குக் கை ஒடிந்தது, மற்றவர்களுக்குக் காயம். வலதுபக்கப் பின்மூலையில் உட்கார்ந்திருந்த மீனம்மாவின் கால் தகரத்துக்குள் மாட்டிக்கொண்டது. பெரியாஸ்பத்திரியில் அதை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு தோட்டம் பேசாத பேச்சில்லை. கேட் போடாத ரயில்வேயைக் குறை சொன்னார்கள். பனிமூட்டத்தைக் குறை சொன்னார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வந்த இன்ஜினைச் சொன்னார்கள். இரண்டு வருசமாக முனியாண்டிக்குப் பூசை போடாததால் வந்த வினை என்றும் சொன்னார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருந்தது. கணேசமூர்த்தியை மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'அவன் சாமிக்கு ஹோன் அடிச்சிட்டுத்தானே எறக்குனான், அவன் என்ன செய்வான்' என்றார்கள். பொலிசில் சார்ஜன்ட் சிங்களத்தில், "ஹோன் எக ஏஹுனே நெத்த?" என்று கேட்டார். ரயில் ஹோன் கேட்கவில்லையா என்று. "நே மாத்தயா" என்றான் இவன், இல்லை ஐயா என்று. அது சத்தியமான பதில்தான். ஏன் கேட்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேஸ் இழுத்துக்கொண்டு கிடக்கிறது, லைசென்சை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

வேனையும் தட்டி நிமிர்த்தியாகிவிட்டது. ஆனால் கணேசமூர்த்தி அதைத் தொடவில்லை. லயத்துக்குப் பின்னால் ரப்பர் சீட்டைப் போர்த்தி நிறுத்திவிட்டு, தோட்டத்தில் கான் வெட்டப் போய்க்கொண்டிருந்தான். இதிலே பெரிய கூத்து என்னவென்றால், விபத்துக்குப் பிறகு மற்ற டிரைவர்மார் முனியாண்டிக்கு முன்னைவிட நீளமாக ஹோன் அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு தடவை அது கீழேயிருந்து கிளம்பி வரும்போதும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அது ஓயும்வரை அவன் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பான். அவனோடு கான் வெட்டியவர்கள் அதையும் பக்தி என்றே நினைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் மீனம்மாவுக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள், வெள்ளிக்கிழமை வருகிறாள் என்று தகவல் வந்த அன்று பின்னேரம், கோயில் தலைவர் கஜேந்திரன் குடையை மடக்கிக்கொண்டு கணேசமூர்த்தி வீட்டு வாசல் இஸ்தோப்பில் வந்து ஏறினார். உள்ளே பூரணி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கூரைத் தகரத்தில் மழை கொட்டியதால் எல்லாரும் கொஞ்சம் சத்தமாகவே பேச வேண்டியிருந்தது.

"மூர்த்தி, வெள்ளிக்கெழம முனியாண்டிக்குப் பூச வச்சிருக்கோம்பா. சேவலு நேந்தாச்சு. மேளக்காரங்களுக்கும் சொல்லியாச்சு. மீனம்மாவ நீயே போயி கூட்டிக்கிட்டு வா. நீ ரயில்ரோட்டத் தாண்டி வந்து நிக்கிற நேரத்துல தீவாரதன காட்டிருவோம்."

"நான் வேன எடுக்கல தலைவரே. வேற யாரையும் அனுப்புங்க."

"வேற யாரு போறது? அடிபட்ட வேனு, அதே வேனு, அதே டிரைவரு, நல்லா ஹோன் அடிச்சிக்கிட்டு சாமி முன்னால வந்து நின்னாத்தான் தோசம் கழியும். கொழந்தப்புள்ள மாதிரி பேசாத."

"எனக்குப் பயமா இருக்கு."

"சாமி இருக்கையில என்ன பயம்? அன்னைக்கு அந்த அடி கொஞ்சம் முன்னுக்கு விழுந்திருந்தா அத்தன பொம்பளைங்களும் போய்ச் சேந்திருப்பாங்க. சாமிதான் வேனத் தள்ளி விட்டிருக்கு. நீ அதுக்கு நன்றி காட்டாம மண்வெட்டியத் தூக்கிக்கிட்டு அலையிற."

பூரணி ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். கஜேந்திரன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இரண்டு ரொட்டியைச் சாப்பிட்டார். கெட்ட மனிதர் அல்ல. அன்று கானுக்குள் முதலில் குதித்து மீனம்மாவைத் தூக்கியவர் அவர்தான். "யோசிச்சி நல்ல முடிவாச் சொல்லு" என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனார்.

அவர் போன பிறகும் கணேசமூர்த்தி தன் ரொட்டியைத் தொடவில்லை. பூரணி பலகைக்கட்டையை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, இன்னும் எத்தன நாளைக்கு இப்புடி? மீனம்மாக்கா போன்ல என்ன சொன்னுச்சு தெரியுமா? மூர்த்தி வந்து கூட்டிக்கிட்டுப் போனாத்தான் நான் வருவேன்னு சொன்னுச்சு. சுலக்ஷனா அந்த வேன்ல ஏற மாட்டேங்கிறா. ஆட்டோ பிடிப்போம்னு சண்ட. அக்காதான் பிடிவாதமா நிக்கிது."

"என்னத்துக்கு நான்?"

"எனக்கென்ன தெரியும். நீங்க போயிக் கேளுங்க."

கணேசமூர்த்தி ரொட்டியைத் தள்ளி வைத்தான்.

"பூரணி, அன்னைக்கு நான் ஹோன அமுக்கிக்கிட்டு இருந்தேன்."

"தெரியும். நானுந்தானே இருந்தேன்."

"கேளு. இன்ஜின் டிரைவரு பொலிஸ்ல சொன்னாரு, வளைவுலருந்தே ஹோன் அடிச்சிக்கிட்டு வந்தேன்னு. நம்மாளுங்க பூராப் பேரும் பொய்யிங்கிறாங்க. அந்த மனுசன் பொய் சொல்லல. அவரு அடிச்சிருக்காரு. எனக்குக் கேக்கல. ஏன் கேக்கல? நான் என் ஹோன அமுக்கிக்கிட்டு இருந்தேன். கோச்சி வலப்பக்கமிருந்து வருது, நான் எடப்பக்கம் சூலத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன். கைய எடுத்த ஒடனே பிரேக்க விட்டுட்டேன். இவ்வளவு வருசமா அப்புடித்தான் எறக்கியிருக்கேன். ஒரு நாளு கூட நின்னு பாத்ததில்ல. கும்புட்டாப் போதும்னு இருந்திருக்கேன்."

"எங்களுக்குந்தான் கேக்கல. நாங்களும் கும்புட்டுக்கிட்டுத்தானே இருந்தோம்."

"நீங்க கண்ண மூடலாம். என்னைய நம்பித்தானே மூடுறீங்க. நான் அங்கனப் பாக்கணுமா இல்லையா?"

பூரணி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இத வெளிய சொல்லாதீங்க" என்றாள். "கேஸு இருக்கு. அதுவும் இல்லாம, தன் பிழைய சாமி தலையில கட்டுறான்னு தோட்டமே ஏசும்."

"நான் எங்க சாமி தலையில கட்டுறேன்? எல்லாரும் என் பிழையக் கொண்டுபோயி அவரு தலையில கட்டுறாங்க. அதத்தான் என்னால தாங்க முடியல." கீழே கடவைப் பக்கம் கையைக் காட்டினான். "இப்ப இவனுங்க இன்னும் நீளமா அடிக்கிறானுங்க பூரணி. ஒவ்வொரு நாளும் கேக்குறேன். நான் வாய மூடிக்கிட்டு இருந்தா அடுத்தது யாரு காலு?"

பூரணி ரொட்டியைப் பிய்த்து, சம்பலைத் தொட்டு அவன் கையில் வைத்தாள். "சொல்லணும்னா மொதல்ல மீனம்மாக்காகிட்ட சொல்லுங்க. காலு அவங்களுது. ஊருக்கு அப்புறம் சொல்லலாம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை அவன் வேன்மேல் கிடந்த ரப்பர் சீட்டை இழுத்துப் போட்டான். பூரணியும் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். இறங்கும்போது முனியாண்டியிடம் அவன் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, இறங்கிப் போய் ரயில்ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தான். ஹோன் அடிக்கவில்லை. பூரணி தானாகவே கண்ணை மூடிக் கைகூப்பினாள், பிறகு பாதியில் திறந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் மீனம்மா சக்கர நாற்காலியில் இருந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். சேலையை இழுத்துக் காலை மூடியிருந்தாலும், இல்லாத இடம் இல்லாமல்தான் தெரிந்தது. கணேசமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "என்னா, ஆளப் பாக்க மாட்டியா? தூக்கி ஏத்து" என்றாள் மீனம்மா. அவனும் சுலக்ஷனாவும் சேர்ந்து நடுச்சீட்டில் ஏற்றி உட்கார வைத்தார்கள். சுலக்ஷனா அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஊன்றுகோல் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள்.

நானுஓயா தாண்டி, லிந்துலை தாண்டி, தலவாக்கலையில் ஒரு கடை ஓரமாக வேனை நிறுத்தினான். நான்கு தேத்தண்ணியும் மீன் வைத்த மாலு பனிசும் வாங்கி வந்து கொடுத்தான். எல்லாரும் குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, வேன் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியில் நின்றபடியே சொன்னான். பூரணியிடம் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னான்.

முதலில் வெடித்தது சுலக்ஷனாதான்.

"இத இப்பத்தான் சொல்றீங்களா? ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க பூராப் பேரும் சாமி காப்பாத்துச்சு, சாமி காப்பாத்துச்சுன்னாங்க. எங்கம்மா கால மட்டும் ஏன் சாமி காப்பாத்தலன்னு கேட்டா வாயில அடிக்கிறாங்க. பாவம் டிரைவர், பாவம் டிரைவர்னு வேற. எங்கம்மா பாவம் இல்லையா?"

"சத்தம் போடாத" என்றாள் மீனம்மா.

"ஏன் போடக் கூடாது?"

"சத்தம் போடாம இருந்து நான் பட்டது போதும். கொஞ்சம் என்னையப் பேச விடு." மீனம்மா கோப்பையைப் பூரணியிடம் நீட்டினாள். "மூர்த்தி, எனக்குக் கேட்டுச்சு."

"என்னக்கா?"

"கோச்சி ஹோனு. வலப்பக்க மூலையிலதானே நான் உக்காந்திருந்தேன். உன் ஹோனுக்குள்ள இன்னொரு சத்தம் வந்துச்சு. மொதல்ல மலையில எதிரொலிக்கிதுன்னு நெனச்சேன். அப்புறம் அது எதிரொலி இல்லன்னு தெரிஞ்சிருச்சு. கண்ணத் தொறந்துட்டேன். எல்லாரும் கைகூப்பிக்கிட்டு இருக்காங்க. வாயத் தொறந்து கத்துனா சாமி குத்தம்னு ஏசுவாங்களேன்னு பயந்தேன். நான் தாலியறுத்தவ. ஏற்கெனவே எதுக்கெடுத்தாலும் என்னையத்தான் பாப்பாங்க. ஹோன் முடியட்டும், அப்புறமாச் சொல்லுவோம்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

ரோட்டில் ஹட்டன் பஸ் ஒன்று பாட்டைப் போட்டுக்கொண்டு போனது. சுலக்ஷனா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு தெனமும் இதத்தான் யோசிச்சேன்" என்றாள் மீனம்மா. "யாருகிட்ட சொல்றது? மூர்த்தி, நீ வந்தா சொல்லுவோம்னு இருந்தேன். நீ வரவே இல்ல. அதுக்குத்தான் நீ வந்தாத்தான் வருவேன்னேன்."

கணேசமூர்த்தி கதவைப் பிடித்தபடியே அழுதுவிட்டான். "நீங்க என்னக்கா செய்வீங்க. என் பிழைதான். நீங்களும் உங்க மேல போட்டுக்கிறாதீங்க."

"நான் ஒன்னைய மன்னிச்சிட்டேன்னு சொல்லல மூர்த்தி. அதுவும் காதுல விழணும். வாய மூடுனது என் பிழை. பாக்காம எறக்குனது ஒன் பிழை. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கழிச்சிறாத. சாமி மேலயும் ரயில்வேக்காரன் மேலயும் நான் அப்புறமாக் கோவப்பட்டுக்கிறேன், அதுக்கு நெறைய நாளு கெடக்கு. ஸ்டேரிங்கு ஒன் கையிலதான் இருந்துச்சு."

"ஆமாக்கா."

"ஆமான்னா ஏறு. எடு வேன."

கல்லுமலை ரோட்டில் திரும்பும்போதே மேளச் சத்தம் கேட்டது. ஏற ஏற அது பெரிதானது. கடைசி வளைவில், ரயில்ரோட்டுக்கு அந்தப் பக்கம், முனியாண்டியைச் சுற்றிப் பாதித் தோட்டம் நின்றது. வாழைமரம் கட்டியிருந்தார்கள். சவுக்கு மரத்தில் கட்டிய சேவல் மழையில் நனைந்து சுருண்டு நின்றது. பனி இறங்கிக்கொண்டிருந்தது. வலதுபக்கமும் இடதுபக்கமும் தண்டவாளம் கொஞ்ச தூரம் தெரிந்து, பிறகு வெள்ளைக்குள் போய் மறைந்தது. வேனைக் கண்டதும் மேளக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். கஜேந்திரன் இரண்டு கையையும் தூக்கி, ஹோன் அடிக்கிற மாதிரி காற்றில் அமுக்கிக் காட்டினார். வா வா என்று கூப்பிட்டார்.

கணேசமூர்த்தி ரயில்ரோட்டுக்கு இந்தப் பக்கமே வேனை நிறுத்தி, இன்ஜினை அணைத்தான். இறங்கினான். இரண்டு பக்கமும் பார்த்தான், காதைத் தீட்டினான். மேளத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஓட்டமாகத் தாண்டிப் போய்க் கஜேந்திரன் முன்னால் நின்றான்.

"மேளத்த நிப்பாட்டச் சொல்லுங்க தலைவரே."

"என்னப்பா இது? சாமி வர்ற நேரத்துல! நீ வேன எடுத்துக்கிட்டு வா, ஹோன் அடி."

"கோச்சி வருதா இல்லையான்னு கேக்கணும். இந்தச் சத்தத்துல கேக்காது."

"இந்த நேரத்துல கோச்சி இல்ல. எனக்குத் தெரியாதா?"

"அன்னைக்கும் கோச்சி இல்லாத நேரந்தான்."

மேளக்காரர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருவர் நிறுத்தினார், இன்னொருவர் அடித்தார். கஜேந்திரனுக்குக் கோபம் ஏறியது.

"அப்ப, சாமிக்கு ஹோன் அடிக்கிறது பிழைங்கிறியா? நம்ம அப்பன் காலத்துலருந்து அடிக்கிறோம். அதுனாலதான் இத்தன வருசமா ஒண்ணும் நடக்கல."

"சாமிக்குக் காது நல்லாக் கேக்கும் தலைவரே. எனக்குத்தான் கேக்காமப் போச்சு." கணேசமூர்த்தி கூட்டத்தின் பக்கம் திரும்பினான். குரலை உயர்த்திச் சொன்னான். "எல்லாரும் கேளுங்க. அன்னைக்குக் கோச்சி ஹோன் அடிச்சிக்கிட்டுத்தான் வந்திருக்கு. நான் என் ஹோன அமுக்கிக்கிட்டு இருந்ததுனால எனக்குக் கேக்கல. நின்னு பாக்காம எறக்கிட்டேன். பனியுமில்ல, பூச போடாததுமில்ல. நாந்தான். மீனம்மாக்கா காலு என்னாலதான் போச்சு. நாளைக்குப் பொலிஸ்லயும் இதச் சொல்லத்தான் போறேன். நீங்க என்னைய என்ன வேணும்னாலும் ஏசுங்க. ஆனா இந்த எடத்துல ஹோன் அடிச்சி எறக்காதீங்க."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. 'பாவிப்பய' என்று யாரோ சொன்னார்கள். கை ஒடிந்த நிஷாந்தியின் மாமியார் மண்ணை வாரித் தூற்றினாள். அவளைக் குறை சொல்ல முடியாது. இத்தனை நாள் சாமி மீது இருந்த பாரத்தை, ஒரு ஆள் இப்படி நடுரோட்டில் தன் தோளுக்கு மாற்றினால், பார்க்கிறவர்களுக்கும் வலிக்கத்தான் செய்யும். அப்போது வேன் ஜன்னலிலிருந்து மீனம்மா கத்தினாள்.

"மேளத்த நிப்பாட்டுங்கய்யா! நான் வீட்டுக்குப் போகணும்!"

மேளம் நின்றது. அப்புறம் ஒவ்வொருவராகப் பேச்சும் நின்றது. கானில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. சேவல் சிறகை உதறியது. தேயிலைக்குள் எங்கேயோ மழைத்துளி சொட்டியது. யாரோ ஒரு குழந்தை இருமியது. பாதித் தோட்டமும் மூச்சுவிடாமல் பனிக்குள் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றது. அந்த இடத்தில் அப்படி ஒரு அமைதியை அவர்கள் யாருமே அதுவரை கேட்டதில்லை.

ஒன்றும் வரவில்லை.

"பாத்தியா, நாந்தான் சொன்னேனே" என்றார் கஜேந்திரன். அவர் குரலிலும் முன்னைப் போல வேகம் இல்லை. "ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னு இப்பத்தானே தெரியுது" என்றாள் மீனம்மா.

வேன் கதவு திறந்தது. சுலக்ஷனா இறங்கினாள். ஊன்றுகோல்களைச் சீட்டில் சாய்த்து வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்து வந்து தண்டவாளத்தின் ஓரத்தில் நின்றாள். வலதுபக்கம் நீண்ட நேரம் பார்த்தாள். இடதுபக்கம் பார்த்தாள். பிறகு, கணேசமூர்த்தியின் முகத்தைப் பார்க்காமலே, கையை மட்டும் வீசி வரச் சொன்னாள்.

அவன் ஹோன் அடிக்காமல் வேனை எடுத்துத் தாண்டி வந்தான். முனியாண்டி முன்னால் நிறுத்தி, இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டான். கஜேந்திரன் அவன் நெற்றியில் திருநீற்றைப் பூசினார். மேளம் மறுபடியும் தொடங்கியது. மீனம்மாவும் கும்பிட்டாள். கண்ணைத் திறந்துகொண்டே கும்பிட்டாள்.

பொலிசில் அவன் போய்ச் சொன்னது கேசில் எப்படி முடியும் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. வேனில் ஏற மாட்டோம் என்று சில பெண்கள் வேறு வழி பார்த்துக்கொண்டார்கள். மற்றவர்கள் ஏறினார்கள்.

வேன் மறுபடியும் வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பிய முதல் நாள் காலை, மீனம்மா வாசற்படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ரொட்டியும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் இருந்தன. லீவில் நின்ற சுலக்ஷனா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். வேன் இறங்கிப் போகிற சத்தம் வளைவுகளில் கூடிக் குறைந்து கீழே போனது. முனியாண்டி பக்கம் போனதும் நின்றுவிட்டது. ஹோன் வரவில்லை. லயத்தில் ஒவ்வொரு வாசலிலும் ஆள் வந்து நின்றார்கள். இத்தனை காலமும் அந்த ஹோனைக் கேட்டுத்தான் அடுப்பைப் பார்க்கப் போனவர்கள். இப்போது எதைக் கேட்டுவிட்டு உள்ளே போவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"வேன் தாண்டிருச்சாம்மா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் சுலக்ஷனா.

"பொறு."

கீழே பனிக்குள் ஒரு ரயில் ஹோன் அடித்தது. நீளமாக, தெளிவாக அடித்தது. தடதடவென்று பெட்டிகள் கடவையைத் தாண்டிப் போகும் சத்தம் மலையில் மோதி மேலே வந்து, மெல்லத் தேய்ந்து, பதுளைப் பக்கம் போய் அடங்கியது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மீனம்மா சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வேன் இன்ஜின் கிளம்பியது. ரயில்ரோட்டில் ஏறி இறங்கும்போது ஒரு குலுக்கல், அந்தப் பக்கம் கியர் மாறுகிற சத்தம், தொடர்ந்து மெயின் ரோட்டை நோக்கி இறங்குகிற சத்தம்.

"இப்பத் தாண்டிருச்சு" என்றாள் மீனம்மா. ஆறிப்போயிருந்த தேத்தண்ணியை எடுத்துக் குடித்தாள்.